கடலுக்கு றேடியோ கொண்டுபோகிறவர்களுக்கு

முல்லைத்தீவு நகரத்தில் ஒரு சின்னக் கடையில் றேடியோ, ரோச், கைத்தொலைபேசி திருத்துகிறேன். அதற்கு முதல் பதினான்கு வருடம் அளம்பில் கரையிலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். முதலில் ஐயாவோடு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), அப்புறம் அண்ணையின் படகில். முதுகு ஏலாமல் போனதால்தான் கரையில் இருக்கிறேன். இந்த வாரம் மட்டும் கடலுக்குப் போய் வந்த மூன்று றேடியோ மேசைக்கு வந்தன. மூன்றிலும் ஒரே நோய்: பற்றரிக் கம்பிச்சுருளில் பச்சைக் களிம்பு. மூன்று வீட்டுக்கும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலாவது ஆளுக்குச் சொல்வதற்கு முதல் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"போன் இருக்கேக்க றேடியோ எதுக்கு அண்ணை?" என்று இளம் பெடியள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கரை மறையும் தூரத்தில் போனின் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். இணையத்தில் வானொலி கேட்டுப் பழகியவனுக்கு அங்கே எதுவுமே வராது. போனுக்குள்ளே எஃப்.எம். இருந்தாலும் காதில் மாட்டும் வயர்தான் அதற்கு அன்ரெனா. ஈரக் கையோடு அதைச் செருகிக்கொண்டு வலை இழுக்க முடியாது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது எங்கள் வீட்டில் மின்சாரமும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை. இரண்டு பெரிய பற்றரி போட்ட பழைய செற் ஒன்றுதான் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தது. பக்கத்து நாலு குடும்பமும் அதைச் சுற்றித்தான் இருந்தது.

எந்த செற்றை வாங்குவது

மத்திய அலையும் (செற்றில் ஏ.எம். அல்லது எம்.டபிள்யூ. என்று இருக்கும்) எஃப்.எம்.மும் இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். இப்போது கடைகளில் பாட்டுக் கேட்கவென்று வரும் செற்றுகளில் பல, எஃப்.எம். மட்டும் உள்ளவை. விலை குறைவு, சத்தம் அதிகம், கலர் விளக்கும் எரியும். கரையில் அது போதும். கடலுக்குப் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

எஃப்.எம். அலை பார்வை மாதிரி நேராக ஓடும். பூமியின் வளைவுக்குக் கீழே இறங்கினால் கேட்காது. நம்முடைய வன்னியில் உயரமான கோபுரம் கொக்காவில்லில் இருக்கிறது. 174 மீற்றர் உயரம், 2011இல் திறந்தார்கள். அந்த உயரத்திலிருந்து, படகில் உட்கார்ந்திருக்கிறவனின் கைக்கு, கணக்குப்படி ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரம் எட்டும். அதில் 40க்கு மேல் கொக்காவில்லிலிருந்து முல்லைத்தீவுக் கரைக்கு வருவதிலேயே போய்விடும். மிச்சம் பதினைந்து, இருபது கிலோமீற்றர்தான் கடலுக்கு. அதற்கு அப்பால் கொஞ்சத் தூரம் இழுபட்டுக் கேட்கும், பிறகு இரைச்சல்.

மத்திய அலை வேறு குணம். அது தரையையும் தண்ணீரையும் தழுவிக்கொண்டு போகும். வரண்ட மண்ணைவிட உப்புத் தண்ணீர் அதற்கு நல்ல பாதை. அதனால்தான் ஐயா காலத்தில் கரையே தெரியாத இடத்திலும் தமிழ்நாட்டு நிலையங்கள் பக்கத்து வளவில் பேசுவதுபோலக் கேட்டன. இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தூரத்திலிருந்தும் வரும்.

அலைவரிசை காட்ட ஊசியும் திருப்ப உருளையும் உள்ள செற்தான் என் விருப்பம். ஈர விரலுக்கு அது கட்டுப்படும். இலக்கத் திரை உள்ளவை நல்லவைதான், ஆனால் திரைக்குள் ஈரம் ஏறினால் எந்த இலக்கத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். பற்றரி, எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவாக இருக்க வேண்டும். உள்ளேயே ஒட்டிய சார்ஜ் பற்றரி மட்டும் உள்ள செற் வேண்டாம். கடலில் செத்தால் மாற்ற வழியில்லை.

பற்றரி அருமை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பற்றரியும் வன்னிக்குள் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்து, நான் பெடலைச் சுற்ற ஐயா செய்தி கேட்பார். சுற்றுவது தளர்ந்தால் வாசிக்கிறவரின் குரலும் தளரும். ஐயா திரும்பிப் பார்ப்பார். நான் மறுபடி வேகமாகச் சுற்றுவேன்.

உப்பிடமிருந்து காப்பது

கடல் தண்ணீரில் விழுந்து செத்த செற்றைவிட, கரையில் சும்மா கிடந்து செத்த செற்தான் என்னிடம் அதிகம் வருகிறது. உப்புக் காற்று உள்ளே போய்ப் படியும். பற்றரி உள்ளேயே கிடக்கும். இரண்டும் சேர்ந்து கம்பிச்சுருளைத் தின்றுவிடும். ஆகவே முதல் பழக்கம், வீடு வந்ததும் பற்றரியைக் கழற்றுவது. இரண்டாவது, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைப்பது. பழைய பற்றரியையும் புதியதையும் சேர்த்துப் போட வேண்டாம். பழையது முதலில் ஒழுகும்.

களிம்பு பிடித்துவிட்டதா? பற்றரியைக் கழற்றிவிட்டு, பாதித் தேசிக்காயை (எலுமிச்சை) குச்சியில் சுற்றிய பஞ்சில் பிழிந்து அந்த இடத்தில் மட்டும் தேயுங்கள். கொஞ்சம் பொங்கும். பிறகு நல்ல தண்ணீர் தொட்ட பஞ்சு, பிறகு உலர்ந்த துணி. புளிப்பை அப்படியே விட்டால் அதுவும் உலோகத்தைத் தின்னும். கடைசியாகக் கம்பிச்சுருளைத் தீட்டுத்தாளால் மெல்ல ஒரு தடவை உரசினால் போதும். இதற்காக என் கடைக்கு வரத் தேவையில்லை.

செற் கடலிலேயே விழுந்துவிட்டால் மனம் பதறும், உடனே போட்டுப் பார்க்கச் சொல்லும். போடாதீர்கள். அந்தக் கணமே பற்றரியைப் பிடுங்குங்கள். கரைக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். தண்ணீரில் விழுந்ததை மறுபடி தண்ணீரிலா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆனால் உள்ளே உப்பு காய்ந்தால் அதுதான் சாவு. அலசிய பிறகு மூடியைத் திறந்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் ஸ்பீக்கரின் கடதாசி வளைந்துவிடும். இப்படிச் செய்த செற்றுகளில் பாதிக்கு மேல் திரும்பப் பேசியிருக்கின்றன என்பது என் அனுபவம்.

படகில் கொண்டுபோகும்போது மெல்லிய பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி, சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வளையத்தால் இறுக்குங்கள். மெல்லிய பைக்குள்ளால் சத்தம் நன்றாகவே வரும், உருளையையும் வெளியிலிருந்தே திருப்பலாம். பைக்கு மேலே இன்னொரு பை. உள்ளே துணியில் கட்டிய வறுத்த அரிசி ஒரு பிடி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நமத்துவிட்டால் மாற்ற வேண்டும்.

எங்கே வைப்பது? முன்னால், அணியத்தில், தூவானம் அடிக்கும். பின்னால் இஞ்சின். நடுவில், குறுக்குப் பலகைக்குக் கீழே கட்டுவதுதான் நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் றேடியோவை வைத்தால் ஊசி பொய் சொல்லும். ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கரையிலேயே சோதிக்கலாம்: திசைகாட்டியை நிலத்தில் வைத்து, றேடியோவை மெல்லப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் ஊசி அசைகிறதோ அதைவிட இரண்டு மடங்கு தூரம் உங்கள் எல்லை.

வானிலை அறிக்கையைக் கேட்கும் முறை

இதைத்தான் நான் பிழையாகச் செய்து பாடம் படித்தேன். 2003 நவம்பர். ஐயாவுக்குக் காய்ச்சல், படுத்திருந்தார். விடியப்புறம் வானொலியில் கடல் அறிக்கை போனது. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டேன். "காற்று மிதமாக வீசும்" என்பது காதில் விழுந்தது. எந்தக் கடலுக்கு என்பது விழவில்லை. அது புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடலுக்குச் சொன்னது, மேற்குப் பக்கம். நமக்குச் சொன்னது அடுத்த வசனத்தில், நான் வெளியே போன பிறகு. பத்து மணிக்குக் கிழக்கே கறுத்தது. வலையை முழுதாக எடுக்க நேரமில்லை. பதினொரு துண்டை வெட்டிவிட்டு ஓடி வந்தோம். என்னோடு வந்த மச்சானின் கை கயிற்றில் கிழிந்தது. ஐயா ஏசவில்லை. ஒரு பாடசாலைக் கொப்பியையும் பென்சிலையும் றேடியோவோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

நம்முடைய வளிமண்டலவியல் திணைக்களம் கடலைத் துறைமுகப் பெயர்களால் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லும். அதனால் கரையோர ஊர்களின் வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்: புத்தளம், மன்னார், காங்கேசன்துறை, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி, கொழும்பு, மறுபடி புத்தளம். தீவைச் சுற்றி ஒரு மாலை. அறிக்கையில் முல்லைத்தீவின் பெயர் எப்போதும் வராது. "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரை" என்று சொன்னால் கொக்கிளாய், நாயாறு, அளம்பில், கள்ளப்பாடு, சாலை, சுண்டிக்குளம் எல்லாம் அதற்குள் அடக்கம். பெயர் வரவில்லையே, நமக்கில்லை என்று நினைத்துப் போன ஆட்கள் இருக்கிறார்கள். பேசாலை, விடத்தல்தீவு, நாச்சிக்குடா, இரணைதீவு ஆட்களுக்கு மன்னார் ஊடாக வரும் துண்டு.

தமிழ்நாட்டு நிலையங்களின் அறிக்கையும் நமக்கு உதவும். அங்கே பெயர்கள் வேறு. நம்முடைய கிழக்குக் கடல் அவர்களுக்குத் "தென்மேற்கு வங்கக்கடல்". மன்னார்ப் பக்கம் "மன்னார் வளைகுடா". நாம் தாழமுக்கம் என்பதை அவர்கள் காற்றழுத்தத் தாழ்வு என்பார்கள். தென்மேற்கு வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி என்று கேட்டால், அது நம்முடைய வாசலில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொப்பியில் நான்கு விஷயம் மட்டும் எழுதினால் போதும்: எந்தக் கடல், காற்று எங்கிருந்து, மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர், அறிக்கை எத்தனை மணி வரைக்கும் செல்லுபடியாகும். காற்றின் எண்ணைக் கண்ணால் பார்க்கிற கடலோடு பொருத்திப் பழகுங்கள். 20க்குக் கீழே என்றால் அங்கங்கே ஒரு வெள்ளை நுரை. 30 தாண்டினால் பார்க்கிற பக்கமெல்லாம் நுரை. 40 என்றால் நம்முடைய கண்ணாடியிழைப் படகுக்குக் கடல் இல்லை, கரைதான்.

அறிக்கையின் கடைசி வசனத்தை எல்லோரும் அசட்டை செய்கிறார்கள். "இடியுடன் கூடிய மழை பெய்யும் சந்தர்ப்பங்களில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும்" என்று வரும். தினமும் சொல்வதால் காது பழகிவிட்டது. ஒக்ரோபர், நவம்பரில் ஆளை முடிப்பது அந்த "தற்காலிகமாக"த்தான். மணிக்கு 70, 80 கிலோமீற்றர் காற்று அரை மணி நேரம் அடித்தால் போதும். முதல் சொன்ன 20, 30 கிலோமீற்றர்க் கணக்கு அதற்குப் பொருந்தாது.

திசையும் முக்கியம். வாடைக்காலத்தில், அதாவது வடகிழக்குக் காற்றுக் காலத்தில், இஞ்சின் நின்றால் அலை அடிக்கும், பயம் இருக்கும், ஆனால் காற்று கரைப் பக்கம் தள்ளும். சோழகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கடல் கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும். காற்று தரையிலிருந்து வெளியே வீசும். இஞ்சின் நின்றால் மெதுமெதுவாக வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோகும். அமைதியாக இருக்கிற நாளில்தான் றேடியோவையும் கூடுதல் பற்றரியையும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கறகறப்பு

மத்திய அலையில் மின்னல் கேட்கும். இது எஃப்.எம்.மில் கிடைக்காத உதவி. ஊசியை மத்திய அலையின் கீழ்க்கோடிக்கு, 530க்கும் 600க்கும் நடுவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காது கொடுங்கள். சட்டியில் கடுகு வெடிப்பதுபோல இடைவிட்டு இடைவிட்டு ஒரு "கறக்". கண்ணுக்கு மேகமே தெரியாதபோதும் தூரத்து மின்னலின் சத்தம் அது. நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். கால் மணி கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கையும் கூடி, ஒவ்வொன்றின் தடிப்பும் கூடினால் அது உங்களை நோக்கி வருகிறது.

இஞ்சின் ஓடும்போது எண்ண முடியாது. பிளக்கின் பொறியும் அதே அலையில் இரைச்சல் போடும். ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு; வேகத்தைக் கூட்டினால் தானும் கூடும், குறைத்தால் குறையும். மின்னல் அப்படி ஒழுங்காக வராது. எல்.ஈ.டி. விளக்குப் போட்டு மீன் கூட்டுகிறவர்கள் அதையும் ஒரு நிமிடம் அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

மின்னல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால், வெளிச்சத்துக்கும் இடிக்கும் இடையே விநாடி எண்ணி மூன்றால் பிரியுங்கள். முப்பது விநாடி என்றால் பத்துக் கிலோமீற்றர். அதற்குக் குறைந்தால் அன்ரெனாவை மடக்கி, கம்பி எதையும் தொடாமல், படகில் தாழ இருங்கள்.

சின்ன வயதில் அந்தக் கறகறப்பு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் நான் நிறுத்திவிட்டேன். ஐயா கையை நீட்டி மறுபடி போட்டார். "பாட்டைத்தான் நிப்பாட்டலாம், இதை நிப்பாட்டாதை" என்றார்.

றேடியோவால் கரையைத் தேடுவது

இப்போது பெரும்பாலான படகில் ஜி.பி.எஸ். இருக்கிறது. நல்லது. அது தண்ணீரில் விழுந்த நாளுக்காக இதை எழுதுகிறேன்.

மத்திய அலை செற்றைத் திறந்தால் உள்ளே கரிக்கட்டி போன்ற கறுப்புக் கோல் ஒன்று கிடக்கும், விரல் நீளம் அல்லது கொஞ்சம் கூட, அதன்மேல் மயிர்போல மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் மத்திய அலைக்கு அன்ரெனா. வெளியே இழுக்கிற கம்பி எஃப்.எம்.முக்கு. அந்தக் கறுப்புக் கோலின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் சத்தம் அதிகம். கோலின் நுனி நிலையத்தைப் பார்த்தால் சத்தம் சட்டென்று விழும்.

கரையில், பகலில், இப்படிப் பழகுங்கள். மத்திய அலையில் உங்கள் இடத்தில் பகலில் தெளிவாகக் கேட்கிற, எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். செற்றை உள்ளங்கையில் மட்டமாக வைத்து மெல்லச் சுற்றுங்கள், வாசலில் அரிசி புடைப்பவள் சுளகைத் திருப்புவதுபோல அவசரமில்லாமல். ஒரு இடத்தில் குரல் கிணற்றுக்குள் போவதுபோல இறங்கும். சத்தம் குறைவாக வைத்திருந்தால் முழுதாக மறைந்தே போகும். அங்கே நிறுத்துங்கள். கோல் கிடக்கும் வாக்கில் ஒரு கோடு இழுத்தால் அது அந்த நிலையத்துக்குப் போகும். பெட்டியின் மேல் கத்தி நுனியால் கோலின் வாக்கில் ஒரு கோடு கீறி விடுங்கள். என்னிடம் வருகிற எல்லாச் செற்றிலும் கேட்காமலே கீறிக் கொடுக்கிறேன்.

நம்முடைய கரைக்குத் தூத்துக்குடி ஏறக்குறைய நேர் மேற்கு, கொஞ்சம் தெற்கே சாய்வு. திருச்சி வடமேற்கு. புத்தளம் தென்மேற்கு. தூத்துக்குடி நிலையம் கிடைத்தால் அதன் கோடே உங்களைக் கரைக்குக் கூட்டிவரும். வேறு நிலையம் என்றால், உங்கள் துறையில் நின்று சத்தம் மறையும்போது கோடு எதைப் பார்க்கிறது, கரை அதிலிருந்து எந்தப் பக்கம் என்று முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். நிலையம் தூரமாக இருப்பது ஒரு வசதி: 300 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிற நிலையத்துக்கு, நீங்கள் கடலில் 20 கிலோமீற்றர் வடக்கே தெற்கே தள்ளினாலும் கோடு நாலு பாகை அளவுதான் மாறும்.

கோட்டுக்கு இரண்டு நுனி உண்டு. எந்த நுனி கரை என்று றேடியோ சொல்லாது. சூரியன், காற்று, அலையின் வரவு இவற்றால்தான் முடிவெடுக்க வேண்டும். செற்றை இஞ்சினுக்கும் நங்கூரத்துக்கும் பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள். பொழுது படும்போதும் விடியும்போதும் இரவிலும் வானத்தில் பட்டு வரும் அலை கலந்து கோட்டைக் குழப்பும். அந்த நேரத்தில் கண்ட கோட்டை நம்பி எரிபொருளை எரிக்க வேண்டாம். நன்றாகப் பகலாகும்வரை காத்திருந்து பாருங்கள். பத்துப் பாகை பிழைத்தாலும் 20 கிலோமீற்றர் ஓடி வரும்போது மூன்றரைக் கிலோமீற்றர் தள்ளித்தான் ஏறுவீர்கள். அளம்பில்லுக்குப் பதிலாகச் செம்மலை. வீட்டுக்கு நடந்து வரலாம்.

பேசுகிற செற்

கேட்கிற செற்றுக்கு அடுத்தது பேசுகிற செற். கடலுக்கென்று செய்த வீ.எச்.எஃப். கைச்செற்றைத்தான் வாங்க வேண்டும். வோக்கி என்று பொதுவாகச் சொல்லி விற்கிற எல்லாமே அது அல்ல. இதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். நம்முடைய கரையில் அது வீண் பிரச்சினை. வாங்கும் முன்பே கடற்றொழில் திணைக்கள அலுவலகத்திலும் உங்கள் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கேட்டு, எழுத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 7 என்று இருந்தால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம்.

அலைவரிசை 16, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. கப்பல்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் மீன் விலை பேசக்கூடாது. படகுக்குப் படகு கூப்பிடுவதென்றாலும் 16இல் கூப்பிட்டு, உடனே அனுமதியுள்ள வேறு அலைவரிசைக்கு மாறிவிட வேண்டும்.

கைச்செற்றுக்கும் பூமி வளைவுதான் எல்லை. இரண்டு படகிலும் உட்கார்ந்து பேசினால் பத்துக் கிலோமீற்றர். எழுந்து நின்று, கையை உயர்த்திப் பிடித்தால் கூடும். 30 மீற்றர் உயரத்தில் அன்ரெனா உள்ள கப்பலோடு 25 கிலோமீற்றருக்கு மேலும் பேசலாம். பக்கத்தில் பேச ஒரு வாட் போதும், பற்றரி மிஞ்சும். ஆபத்தில் முழுச் சக்திக்கு மாற்றுங்கள்.

ஆபத்து அழைப்பைக் கரையிலேயே, செற்றை நிறுத்தி வைத்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பொத்தானை அமத்தி, ஒரு விநாடி விட்டு, வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்து, கத்தாமல்: "மேடே, மேடே, மேடே." பிறகு படகின் பெயர் மூன்று தடவை. பிறகு இடம்: ஜி.பி.எஸ். எண்களை ஒவ்வொரு இலக்கமாக. ஜி.பி.எஸ். இல்லையென்றால் "முல்லைத்தீவிலிருந்து கிழக்கே இத்தனை கடல் மைல்." பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர். பொத்தானை விடுங்கள். விடாவிட்டால் பதில் கேட்காது. பதட்டத்தில் அமத்தியபடியே காத்திருக்கிற ஆட்கள் உண்டு. பெரிய கப்பலுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதனால் எண்கள், "சிங்கிங்", "எஞ்ஜின் ஃபெயிலியர்", "த்ரீ பெர்சன்ஸ்", "முல்லைத்தீவு" என்ற அளவுக்காவது பழகுங்கள். என் மகள் இதைப் பெரிய எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி, பிளாஸ்ரிக் ஒட்டி, அண்ணையின் படகின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் உதவி வேண்டும் என்றால் "பான் பான்" என்று மூன்று தடவை. இஞ்சின் நின்று காற்று வெளியே தள்ளுகிறது என்றால் வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள். இருட்டும்வரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்து, இருட்டிய பிறகு கூப்பிடுவதுதான் பிழை.

கரையில் ஒரு காது

2004 டிசம்பர் 26 காலை எந்த வானொலியும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்வதற்கு அமைப்பே இருக்கவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதற்குப் பிறகு, 2005இன் சட்டத்தால் வந்தது. 117 என்ற இலக்கம் அவர்களுடையது. இன்றைக்கு எச்சரிக்கை வரும். வந்தால் கேட்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். படகில் இருக்கிறவன் வலையோடு மாரடிக்கும்போது எப்படிக் கேட்பான்? அதனால் ஒவ்வொரு வீட்டிலும், முடியாவிட்டால் ஒவ்வொரு துறையிலும், ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் வீட்டில் அது என் மனைவி. அண்ணையும் இரண்டு பெறாமக்களும் போகும்போது அவள் கொப்பியில் எழுதுவாள்: எத்தனை மணிக்கு, எத்தனை பேர், எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொன்னார்கள். பக்கத்திலேயே அறிக்கையின் நான்கு விஷயமும். சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணித்தியாலம் போனால் சங்கத் தலைவருக்கும் கடற்றொழில் அலுவலகத்துக்கும் சொல்வாள். கொப்பியைப் பார்த்துத்தான் பேசுவாள். அழுதுகொண்டு "காணேல்லை" என்று மட்டும் சொன்னால் தேடுகிறவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. எரிபொருள் அளவும் போன பக்கமும் தெரிந்தால் தேடும் கடல் பாதியாகச் சுருங்கும்.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்று 90.4இல் ஒரு சமூக வானொலி நடக்கிறது, இராமேஸ்வரம் தீவு மீனவர்களுக்காக, அவர்களுடைய பேச்சிலேயே. காற்றும் அலையும் அவர்கள் ஊர்ப் பெயரோடு வரும். கொக்கிளாயிலிருந்து சுண்டிக்குளம் வரைக்கும் நமக்கென்று அப்படி ஒன்று வர வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். சாலையில் இன்றைக்குக் கரைகட்ட முடியுமா, நாயாற்று வாய் திறந்திருக்கிறதா என்று கொழும்பிலிருந்து ஒருவரும் சொல்லப் போவதில்லை. கடற்றொழிலாளர் சங்கங்களின் சமாசக் கூட்டங்களில் இதை இரண்டு தடவை எழுந்து கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

அதுவரை, இன்றைக்கு இரவு செய்யக்கூடியது: வீட்டில் இருக்கிற செற்றை எடுத்து மூடியைத் திறந்து பாருங்கள். பச்சை இருந்தால் தேசிக்காய். பற்றரியைக் கழற்றி, செற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில், கொப்பி பென்சிலோடு வையுங்கள். விடியப்புறம் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டும் முன்பு பற்றரியைப் போட்டு, ஊசியை நிலையத்தில் நிறுத்தி, அறிக்கை முடியும்வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழும்பாதீர்கள்.